தவறிய நாளுக்கு அடுத்த நாள்: ஓர் உடற்பயிற்சி நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

புதிதாகத் தொடங்குபவர் எழுதிவைக்கும் அட்டவணையைப் பார்த்தாலே அது எப்போது நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வாரம் ஆறு நாள், தினம் ஒரு மணி நேரம் என்றிருந்தால் இரண்டாவது வாரத்தைத் தாண்டுவது கடினம். சோம்பல் என்று பழி போட வேண்டாம். பழகாத தசையின் வலி, பயிற்சி முடிந்து 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். திங்களன்று ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டவருக்குப் புதனன்று மாடிப்படி இறங்கும்போது தொடை பிடிக்கும். அன்றைக்கும் ஒரு மணி நேரம் செய் என்கிறது அட்டவணை. அவர் விட்டுவிடுகிறார்.

உலக சுகாதார அமைப்பு 2020-இல் சொன்ன அளவு: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இதை முதல் வாரமே தொட வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான உழைப்புக்கு அதுதான் அடையாளம்.

கூட்டும்போது முதலில் நாள், பிறகு நிமிடம், கடைசியில் வேகமும் எடையும். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டைச் சேர்த்துக் கூட்டிவிட்டு முழங்கால் வலித்தால், எது காரணம் என்றே தெரியாது.

மார்ச் 6, வியாழன்

"நாளையிலிருந்து ஒழுங்காகச் செய்வேன்" என்பதில் எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்ற மூன்றுமே இல்லை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதியது இதைத்தான்: இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. மில்ன், ஆர்பெல், ஷீரன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஊக்கமூட்டும் தகவலை மட்டும் படித்தவர்களில் 35 சதவீதம் பேர் அடுத்த வாரம் பயிற்சி செய்தார்கள். அதோடு நாள், நேரம், இடம் எழுதி வைத்தவர்களில் 91 சதவீதம்.

எழுதும் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "செவ்வாய், வியாழன், சனி காலையில் பல் தேய்த்ததும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவேன்." கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலைப் பிடித்துக்கொள்வது உறுதியானது. ஆறு மணி என்று வைத்துவிட்டு ஆறே கால் ஆகிவிட்டால் "இன்றைக்குப் போச்சு" என்று மனசு சொல்லும். பல் தேய்ப்பது எத்தனை மணிக்கு நடந்தாலும் நடந்தே தீரும்.

ஷூவை முந்தின இரவே கதவருகில் வைத்து, சாக்ஸை அதற்குள் செருகி, லேஸைத் தளர்த்தி விடுங்கள். தூக்கக் கலக்கத்தில் அலமாரியில் இரண்டாவது சாக்ஸைத் தேடும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பல நாள்கள் கைவிட்டுப் போகின்றன.

மார்ச் 11, செவ்வாய்

குறைந்தபட்சப் பயிற்சி என்று ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். மோசமான நாளுக்கான பத்து நிமிடம்: ஐந்து நிமிடம் வேக நடை அல்லது நின்ற இடத்திலேயே நடை, பிறகு 10 ஸ்குவாட், சுவரில் கையூன்றி 8 தண்டால், 20 விநாடி பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராகப் பிடித்திருப்பது). இந்த மூன்றையும் இரண்டு சுற்று.

இதைச் செய்த நாள் நோட்டில் முழு நாளாகவே கணக்கு. அரை மதிப்பெண் போட ஆரம்பித்தால் அடுத்த முறை "அரைக்காக எதற்கு" என்று தோன்றும். ஒரே எச்சரிக்கை: தொடர்ந்து மூன்று முறை பத்து நிமிடத்திலேயே நின்றால் வழக்கமான திட்டம் பெரிதாகிவிட்டது என்று பொருள். அதைக் குறையுங்கள்.

மார்ச் 16, ஞாயிறு

பொறுப்புத் துணை, அதாவது பயிற்சி செய்தோமா என்று நாம் தவறாமல் சொல்ல வேண்டிய ஆள், பற்றி விரிவாக எழுத வேண்டும். "சேர்ந்து செய்வோம்" என்று இருவர் பேசிக்கொள்வதோடு பெரும்பாலும் ஏற்பாடு முடிந்துவிடுகிறது. எந்த நேரத்துக்குள் சொல்வது, என்ன சொல்வது, சொல்லாவிட்டால் மற்றவர் என்ன செய்வது என்ற மூன்றும் பேசப்படுவதே இல்லை.

நன்றாக வேலை செய்யும் வடிவம் எளிது. பயிற்சி நாளில் இரவு ஒன்பதுக்குள் ஒரு வரி: "முடிந்தது, 25 நிமிடம், கடினம் 5." கடினம் என்பது பத்துக்கு எவ்வளவு என்ற உங்கள் கணிப்பு. செய்யாவிட்டாலும் வரி போக வேண்டும்: "இல்லை, தாமதமாக வந்தேன்." ஒன்பது தாண்டியும் வரி வராவிட்டால் துணை கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "அடுத்தது எப்போது?" ஏன் செய்யவில்லை என்ற விசாரணை வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். விசாரணை தொடங்கினால் தவறிய நாளில் செய்தி அனுப்பவே கூச்சம் வரும். ஆள் மௌனமாகிவிட்டால் ஏற்பாடு செத்துவிட்டது.

நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு இந்த வேலைக்கு உதவாது. அங்கே ஒருவர் காணாமல் போவது யார் கண்ணிலும் படாது. இரண்டு பேர், அதிகம் போனால் நான்கு. கணவன் மனைவியைக் கண்காணிப்பதும், மனைவி கணவனைக் கண்காணிப்பதும் சீக்கிரம் நச்சரிப்பாக மாறும், வெளியாள் நல்லது. இன்னொன்று, ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் செய்யும்படி திட்டம் தனித்தனியாக இருக்கட்டும். ஜோடியாக மட்டுமே செய்யும் பயிற்சி, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இருவருக்கும் நின்றுவிடும்.

மார்ச் 17, திங்கள்

பயிற்சி தவறினால் துணைக்கு அபராதம் கட்டுவது என்று வைக்கலாமா என்று பலரும் கேட்பதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் பொருளியலாளர்கள் நீஸியும் ருஸ்டிகினியும் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது: தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும் தாமதம் கூடியது. பணத்தைக் கட்டிவிட்டால் குற்றவுணர்வு தீர்ந்துவிடுகிறது. நண்பருக்குச் சிறு தொகை கொடுத்துவிட்டுத் தூங்குவதும் அதே கணக்குத்தான்.

மார்ச் 24, திங்கள்

தவறாத ஆள் கிடையாது. ஆகவே தவறிய நாளுக்கு அடுத்த பயிற்சி நாளைத்தான் அதிகக் கவனத்தோடு திட்டமிட வேண்டும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். பலரும் கவனிக்காமல் விடும் முடிவு ஒன்று அதில் உண்டு: ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பி, 22-ஆம் நாளும் கஷ்டமாக இருப்பதைத் தன் குறை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

2021-இல் வெளியான ஆய்வில் கேட்டி மில்க்மேன் குழு ஓர் அமெரிக்க ஜிம் நிறுவனத்தின் 61,293 உறுப்பினர்களிடம் 54 வகைத் திட்டங்களை நான்கு வாரம் சோதித்தது. முதலிடம் பிடித்தது, ஒரு முறை தவறிய பிறகு திரும்பி வருபவருக்குச் சிறு வெகுமதி தரும் திட்டம். நான்கு வாரம் முடிந்த பிறகும் தெளிவான பலன் தெரிந்தவை 8 சதவீதத் திட்டங்கள் மட்டுமே. அதனால் வெகுமதி தீர்ந்த பிறகும் நிற்கும்படி, திரும்பும் வழியை அட்டவணைக்குள்ளேயே எழுதுங்கள்: "ஒரு நாள் தவறினால், அடுத்த பயிற்சி நாளில் பத்து நிமிடப் பயிற்சி கட்டாயம்." விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்யக் கூடாது. இரட்டிப்பு வலியைத் தரும், வலி அடுத்த நாளையும் சாப்பிட்டுவிடும்.

இடைவெளி நீண்டால் அளவு மாறும். ஒரு வாரம் விட்டால் பழைய எடையில் ஒரு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) குறைத்துத் தொடங்கலாம். இரண்டு வாரமென்றால் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மாதத்துக்கு மேல் போனால் எடையும் செட்டும் பாதி, பிறகு இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றம். தசை வலுவைவிட மூச்சுத் திறன் சீக்கிரம் இறங்கும். அதனால் எடை தூக்க முடிந்தவருக்கும் ஓட்டத்தில் இரைக்கும். பயப்பட வேண்டாம். காய்ச்சலில் பயிற்சி வேண்டாம். நெஞ்சுவலி, மூட்டில் வீக்கம், கடும் தசைவலியோடு கருத்த சிறுநீர் என்றால் உடனே மருத்துவர்.

ஏப்ரல் 2, புதன்

நோட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதி, தொடங்கிய நேரம், செய்தது, எண்ணிக்கை, கடினம். தவறிய நாளுக்கும் ஒரு வரி, காரணம் ஒரே சொல்லில். மூன்று வியாழனில் "வேலை" என்று வந்திருந்தால் வியாழனை எடுத்துவிட்டு வெள்ளிக்கு மாற்றுங்கள்.

எடை பார்க்கும் கருவியைத் தினமும் நம்பாதீர்கள். நீரும் உப்பும் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றி இறக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை இவற்றைப் பாருங்கள்: விழித்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிட நாடித்துடிப்பு, ஒரே மூச்சில் எத்தனை தண்டால், ஒரே பாதையில் நடக்க எத்தனை நிமிடம். முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பகுதி நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணாடியில் எதுவும் தெரியாதபோதே தண்டால் எண்ணிக்கை ஏறியிருக்கும். அந்த எண்ணைத் துணைக்கும் அனுப்புங்கள், அடுத்த அளவீட்டின் தேதியோடு.