கேஜ் மட்டும் கேட்டால் போதாதுங்க

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் எந்தச் சாயப்பட்டறைக்குள் போனாலும் தலைக்கு மேலே பளபளவென்று குழாய்கள் ஓடும். பார்க்கிறவர்கள் அலுமினியக் குழாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குழாய் இரும்புதான். உள்ளே நீராவி. குழாயைச் சுற்றி சூடு வெளியேறாமல் இருக்க ராக் உல் என்னும் பாறை இழைப் பஞ்சு, அதைப் பிடித்து நிறுத்தக் கம்பிவலை, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தியிருப்பது அலுமினியத் தகடு. அந்தத் தகட்டைப் போர்த்துவதுதான் என் தொழில். மொத்த வேலையை லேகிங் என்பார்கள், தகடு வேலையைத் தனியாக கிளாடிங் என்பார்கள்.

கொட்டேஷன் கொடுக்கப் போனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை கேஜுங்க?" அடுத்த கேள்வி: "ஒரு கேஜ் கொறச்சுப் போட்டா ஆகாதுங்களா?" கேஜ் என்பது தகட்டின் கனத்தைச் சொல்லும் எண். அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். என்ன கிரேடு, மெதுத் தகடா விறைப்பா, அந்த இடத்தில் மேலிருந்து என்ன சொட்டும் என்று யாரும் கேட்பதில்லை. தகட்டின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வி.

கேஜ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எண் ஏற ஏறத் தகடு மெலியும். 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர், 20 என்றால் 0.9, 22 என்றால் 0.71, 24 என்றால் 0.56. எடை பார்க்க, நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் வைத்து, கனத்தை மில்லிமீட்டரில் வைத்து, மூன்றையும் பெருக்கி 2.7 ஆல் பெருக்கினால் கிலோ வந்துவிடும். எட்டுக்கு நாலு ஷீட் 1 மில்லிமீட்டரில் 8 கிலோ. அதே அளவு இரும்புத் தகடு 23 கிலோவுக்கு மேல். குழாய்களைத் தாங்கும் ரேக்கின் மேல் ஏறி நின்று ஒற்றைக் கையில் தகட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையில் திருகு போடும் பையனுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும். கிலோ விலையை மட்டும் பார்த்து ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, மலிவு என்று சொல்கிறவர்கள், ஒரு கிலோவுக்கு எத்தனை சதுர அடி கிடைக்கிறது என்று கணக்குப் போடுவதே இல்லை.

கிரேடு என்பது கலப்பைப் பொறுத்தது. 1100 என்பது 99 சதவீதம் சுத்த அலுமினியம், நன்றாக வளையும், ஆனால் சீக்கிரம் நசுங்கும். 3003-இல் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே மாங்கனீசு சேர்ந்திருக்கும். விறைப்பு கூடுதல், கிளாடிங்குக்கு எனக்குப் பிடித்தது இதுதான். நம்ம ஊர் ஐ.எஸ். 737 கணக்கில் இதையே 31000 என்று எழுதியிருப்பார்கள். 5052-இல் மெக்னீசியம், உப்புக் காற்றைத் தாங்கும். எண்ணுக்குப் பின்னால் 'ஓ' என்று இருந்தால் மெதுத் தகடு, 'எச்14' என்றால் பாதி விறைப்பு. 6061 டி6 தகட்டை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். நெருக்கி மடக்கினால் மடிப்பிலேயே வெடிப்பு விடும். அது எந்திர பாகங்களுக்கானது.

அளவெடுப்பது பெரிய வித்தையில்லை. நாலு இஞ்ச் குழாயின் வெளி விட்டம் 114 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் 50 வீதம் ராக் உல் சேர்த்தால் 214. சுற்றளவு 673. ஓவர்லேப் சேர்த்து 720-க்கு வெட்டினால் சரியாக உட்காரும். வித்தை எங்கே என்றால், அந்த ஓவர்லேப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில். படுக்கைக் குழாயில் நீள இணைப்பு உச்சியில் வரக்கூடாது. பக்கவாட்டில் வரவேண்டும், மேல் தகட்டின் ஓரம் கீழே பார்த்திருக்க வேண்டும், கூரையில் ஓடு மேய்வது போல. மழைத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் ராக் உல் நனைந்து வெப்பத்தைப் பிடித்து வைக்காது. ஈரத்தில் உள்ளே இரும்புக் குழாயும் துருப்பிடிக்கும். வெளியே தகடு மட்டும் புதுசாகவே மின்னிக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

சுற்று இணைப்புகளை எல்லா இடத்திலும் திருகு போட்டு இறுக்குவதும் கூடாது. 10 மீட்டர் நீராவிக் குழாய் 30 டிகிரியிலிருந்து 175 டிகிரிக்குச் சூடேறினால் 17 மில்லிமீட்டர் போல நீளும். மேலே இருக்கும் தகடு அவ்வளவு சூடாகாது, அதனால் அவ்வளவு நீளாது. இடையிடையே தகட்டின் ஓரத்தில் பீடிங் என்னும் புடைப்பு வரி போட்டு, அடுத்தடுத்த தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று சறுக்க விட்டால் தப்பித்தது. இல்லாவிட்டால் திருகு ஓட்டைகள் கிழிந்து நீண்டுவிடும்.

இனி சொட்டும் விஷயம். அலுமினியம் காற்றுப் பட்ட உடனே தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்றைப் போட்டுக்கொள்ளும். கீறினாலும் மறுபடி வளரும். துருப்பிடிக்காது என்று ஊரே சொல்வது இந்தத் தோலை நம்பித்தான். காரம் பட்டால் அந்தத் தோல் கரைந்துவிடும். சாயப்பட்டறையில் காரத்துக்கா பஞ்சம்? துணி வேகவைக்கக் காஸ்டிக், சாயம் பிடிக்க சோடா ஆஷ். காஸ்டிக் லைனில் ஒரு வால்வு கசிந்து கீழே ஓடும் நீராவிக் குழாய்மேல் விழுந்தால் தகடு நுரைத்து, வெளுத்து, ஓட்டையாகும். 18 கேஜ் போட்டாலும் கொஞ்ச நாள் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. அந்த இரண்டு மூன்று மீட்டருக்கு மட்டும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு போடுங்கள் என்று சொல்வேன். "அந்தக் கொஞ்ச எடத்துக்குத் தனி மெட்டீரியலா?" என்பார்கள். ஆமாங்க, அந்தக் கொஞ்ச இடத்துக்குத்தான்.

2011-இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் ஓட்ட முடியும் என்றானது. கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர்களுக்கு வேலை கூடியது, அவற்றுக்கு நீராவி, நீராவிக்குக் குழாய், குழாய்க்கு நாங்கள். தொழில் பார்வையில் எங்களுக்கு நல்லதாகப் போயிற்று, நொய்யலுக்கும் அவ்வளவே நல்லது நடந்திருந்தால் சந்தோஷம். ஆனால் எவாப்பரேட்டர் பக்கம் கெட்டியான உப்புத்தண்ணீர் தெறிக்கும். உப்பு தகட்டை முழுதாகக் கரைக்காது, ஊசி குத்தினாற்போலப் புள்ளி புள்ளியாக இறங்கும். அங்கே வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினாலே பாதித் தொல்லை குறையும்.

அலுமினியத்துக்கு ஆகாத இன்னும் இரண்டு: ஈரச் சிமென்ட், செம்பு. தளம் பூசும்போது தகட்டில் ஒட்டிய கலவையை உடனே கழுவாவிட்டால் தழும்பு போகாது. செம்புக் குழாயிலிருந்து வழியும் தண்ணீர் விழும் இடத்திலும் புள்ளி விழும்.

மேலே பெயின்ட் அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பளபளப்பு அழகுக்காக மட்டும் இல்லை. புதுத் தகடு வெப்பத்தைக் கதிராக விடுவது மிகக் குறைவு. பெயின்ட் அடித்தால் அதே பரப்பு பல மடங்கு கூடுதலாக விடும். விநோதம் என்னவென்றால், பெயின்ட் அடித்த தகடு தொட்டால் சூடு குறைவாகவே தெரியும். வெப்பம் வெளியே போய்க்கொண்டிருப்பதால்தான் அது ஆறியிருக்கிறது. ஆள் கை படும் உயரத்தில் அடிக்கலாம், மற்ற இடத்தில் எதற்கு?

வீட்டு மொட்டை மாடிக்கு, கோழிப்பண்ணைக்கு என்று 'அலுமினிய ஷீட்' வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெயரில் கடையில் விற்பதில் நிறைய, இரும்புத் தகட்டின்மேல் அலுமினியமும் துத்தநாகமும் பூசியது. பூச்சில் 55 சதவீதம் அலுமினியம். மோசமான சரக்கு இல்லை. ஆனால் வெட்டிய ஓரத்தில் துரு வரும், பழைய இரும்புக் கடையில் அலுமினிய விலை கிடைக்காது. காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு.

கனத்தையும் கையோடு அளந்துவிடுங்கள். 22 கேஜ் என்று பில்லில் எழுதி 24 கேஜ் இறக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். வெறும் விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. மைக்ரோமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். ஷீட்டின் ஓரத்தில் பிசிறு இல்லாத இடமாகப் பார்த்து, சற்று உள்ளே தள்ளி, வண்டியிலிருந்து இறக்கும் முன்பே அளக்க வேண்டும். இறக்கிவிட்டால் ஏற்றுக்கூலி யார் கொடுப்பது என்பதில் அன்றைய பொழுது போய்விடும்.