ஒளிவேகத்தைத் தொட்டதுபோலத் தெரியும் கணக்குகளை நான் படித்த விதம்

முதுகலை இயற்பியல் நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது, சிறப்புச் சார்பியலில் (ஒளிவேகத்தை நெருங்கும் பொருள்களின் தூரம், நேரம் பற்றிய ஐன்ஸ்டீன் கோட்பாடு) ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருந்தேன். வேகம் என்று எதை எழுதினாலும், தூரத்தை அளந்தது யார், நேரம் யாருடைய கடிகாரத்தில் என்று பக்கத்திலேயே குறித்துவிடுவேன். நிறையுள்ள பொருள் ஒளிவேகத்தை எட்டியதுபோலத் தெரியுமா என்ற கேள்விக்கு இதுவே பாதி விடை.

தெரியும். 10 ஒளியாண்டு தொலைவிலிருந்து ஒரு விண்கலம், ஒளிவேகத்தில் 0.9 பங்கு வேகத்தோடு நேராக நம்மை நோக்கி வருகிறது என்று வையுங்கள். நம் கடிகாரத்தில் பயணம் 11.1 ஆண்டு. ஆனால் அது புறப்பட்ட காட்சி நம்மிடம் வந்து சேரவே 10 ஆண்டு ஆகிவிடும். அப்புறம் 1.1 ஆண்டில் கலமே வந்து நிற்கும். கண்ணில் பட்டதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒளியைவிட 9 மடங்கு வேகம்! நேராக வரும் பொருள் ஒளிவேகத்தில் வருவதுபோலத் தெரிய, உண்மையில் பாதி ஒளிவேகமே போதும். இதை நீங்களே போட்டுப் பாருங்கள், சூத்திரம் தானாக வந்துவிடும். அதே 0.9 வேகத்தில் விலகிப் போனால் வெறும் 0.47 பங்காகத் தெரியும்.

இது வெறும் தேர்வு விளையாட்டு இல்லை. வானியற்பியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966-லேயே இப்படித் தெரியலாம் என்று சொன்னார். எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்திலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரையில் சில பிரகாசமான முடிச்சுகள் ஒளியைவிட சுமார் 6 மடங்கு வேகத்தில் நகர்வதுபோல ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் தெரிந்தது.

அடுத்து, எதிரெதிரே 0.9 வேகத்தில் வரும் இரண்டு துகள்கள். இடைவெளி ஒளிவேகத்தைப் போல 1.8 மடங்கு வீதத்தில் குறைகிறது என்று ஆய்வகம் சொல்வது சரியே. ஒன்றின் மேல் உட்கார்ந்து மற்றதைப் பார்த்தால்தான் வேகக் கூட்டல் விதி (சார்பியலில் இரண்டு வேகங்களைச் சேர்க்கும் முறை) வரும், விடை 0.994. கேள்வியில் 'ஒன்றைச் சார்ந்து' என்று இருக்கிறதா என்று பாருங்கள், மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

தூரம் நம்முடையது, நேரம் பயணியுடையது என்று கலந்தால் 0.995 வேகம்கூட ஒளிவேகத்தைப் போல கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகிவிடும். இதை வேகம் என்று விடைத்தாளில் எழுதாதீர்கள்.

ஒரே சட்டகத்தில், அதாவது ஒரே பார்வையாளரின் அளவுகோலாலும் கடிகாரத்தாலும், தூரத்தையும் நேரத்தையும் அளந்தால் ஒளிவேகம் என்ற எல்லை உடையவே உடையாது. செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் 6.5 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கப்பட்ட புரோட்டான்கூட ஒளிக்கு நொடிக்கு சுமார் 3 மீட்டர் பின்னால்தான் ஓடியது.