வளசரவாக்கத்துப் பின்சுவர்

"தண்ணி ஒத்துக்கலை தம்பி, யாழ்ப்பாணத்துல இருந்து வந்தவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டு உரிமையாளர் தீர்ப்புச் சொன்னபோது, என் மகள் இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னை வளசரவாக்கத்துத் தரைத்தள வீட்டில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை சுவரில் ஏறி, தை பிறந்த பின்னும் இறங்காமல் இருந்தது. அலமாரியை நகர்த்தினால் சுண்ணாம்பு பொருமி, மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். அந்தப் பூஞ்சையின் வித்துகள் காற்றில் கலந்து ஒவ்வாமை உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, சுவர் காய அவகாசமே கிடைப்பதில்லை. இதை உரிமையாளரிடம் விளக்கினேன். அவர் பெயின்டரை அனுப்பினார். ரோஜா நிறம் இரண்டு கோட். பங்குனிக்குள் புள்ளிகள் அதையும் துளைத்துக்கொண்டு வந்துவிட்டன.

எதிர்வீட்டு அம்மா தூதுவளை ரசம் கொடுத்தனுப்பும்போதெல்லாம் இந்த ஊர் எங்களுக்கு உறவாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும், குழந்தைக்கு நல்லது என்று, சாம்பிராணித் தூபக்காலை அவளுடைய அறை வரைக்கும் கொண்டுவருவார். புகை இளைப்பைக் கிளப்பும் என்று அந்த அன்புக்கு எப்படிச் சொல்வது? போகியன்றோ ஊரே புகைந்தது. 2018 போகிக்கு விமானங்களே இறங்க முடியவில்லையாம். எங்கள் பக்கம் தைப்பொங்கல் உண்டு, போகி கொளுத்தும் வழக்கம் இல்லை.

பழகிவிட்டோம் என்றுதான் ஊருக்குத் தொலைபேசியில் சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் நடுவில் முற்றம் விட்டு நாற்புறமும் கட்டிய அம்மம்மாவின் நாற்சார் வீடு நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கும் சாம்பிராணி உண்டு, மாரிமழையும் உண்டு. ஆனால் புகை முற்றத்து வழியே வானத்துக்குப் போகும், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் நனைந்த சுவரெல்லாம் உலர்ந்துவிடும். இங்கே எங்கள் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

இப்போது முதல் மாடியில் வீடு தேடுகிறோம். மெட்ரோ தண்ணீர் வரும், இரு சக்கர வண்டிக்கு இடம் உண்டு என்று புரோக்கர் அடுக்கிக்கொண்டே போகிறார். அலமாரியை நகர்த்திப் பின்சுவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறார்.