தமிழ்நாட்டு மின் மாடலைப் பொதுவில் வைத்த அனுபவம்

தமிழ்நாட்டின் மின்தேவையை 2030-ல் காற்றாலை, சூரிய ஒளி, பேட்டரி எல்லாம் சேர்ந்து எப்படிச் சமாளிக்கும் என்று கணக்குப் போடும் மாடல் ஒன்று எங்கள் குழுவிடம் இருந்தது. மின்கட்டமைப்பைக் கணக்கிட உதவும் பைப்சா (PyPSA) என்ற பைதான் மென்பொருளில் எழுதியது. யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டிப் பார்த்து, தப்பென்றால் தப்பு என்று சொல்ல வேண்டும் என்பதற்காக அதைப் பொதுவில் வைத்தோம். இதே வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

நிரலை வெளியிடுவது சுலபம். யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி லைசென்ஸ் போட்டு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றினோம். லைசென்ஸ் எதுவும் போடாமல் ஏற்றினால் பதிப்புரிமை அப்படியே நிற்கும், படிக்கலாமே தவிர எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் உரிமை வராது, அதனால் இதை முதலிலேயே செய்துவிடுங்கள். மாடலின் சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருளான சால்வரையும், காசு கொடுத்து வாங்கும் குரோபியிலிருந்து (Gurobi) இலவசமான ஹைஸுக்கு (HiGHS) மாற்றினோம். ஓட நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, பரவாயில்லை.

உண்மையான வேலை டேட்டாவில்தான். மணிவாரி மின்தேவை விவரத்தை ஓர் அலுவலகம் ஆய்வுக்கு மட்டும் என்று கொடுத்திருந்தது. வெளியிடலாமா என்று எழுதிக் கேட்டோம், பதிலே வரவில்லை. சரி என்று அதை முழுக்க நீக்கிவிட்டு, நாட்டின் மின்கட்டமைப்பை இயக்கும் கிரிட் இந்தியா தினமும் வெளியிடும் அறிக்கையில் மாநிலவாரியாக இருக்கும் அன்றைய மொத்த மின்சாரத்தையும் உச்சத் தேவையையும் எடுத்து, அதிலிருந்து மணிவாரி வடிவத்தை நாங்களே உருவாக்கினோம். துல்லியம் குறைவுதான், ஆனால் எப்படிச் செய்தோம் என்று எவரும் சரிபார்க்கலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

மின்பாதைகள், பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து வந்தவை. அதன் ஓடிபிஎல் லைசென்ஸ்படி, அதிலிருந்து உருவாக்கிய தரவுத்தொகுப்பைப் பொதுவில் வைத்தால் அதே லைசென்ஸில்தான் வைக்க வேண்டும். அதனால் அந்தக் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் பிரித்து வைத்தோம், எங்கள் சொந்த அனுமானங்களுக்கு, பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற சிசி பை 4.0 லைசென்ஸ்.

அப்புறம் காற்று. ஈஆர்ஏ5 (ERA5) என்ற உலகளாவிய வானிலைத் தரவு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் தருகிறது, ஒரு கட்டம் கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிட்டு வரும் காற்று அந்தச் சல்லடையில் தங்காது, முப்பந்தல் காற்றாலைகள் இருப்பதைவிடச் சோனியாகத் தெரியும். இன்னும் நுணுக்கமான காற்று வரைபடமான குளோபல் விண்ட் அட்லஸை வைத்து, காற்றின் அளவை உயர்த்தித் திருத்தினோம். மாடலின் முடிவையே நகர்த்தும் எண் இது. இதை நிரலுக்குள் புதைக்கக் கூடாது என்று தனி அட்டவணையாக, ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி வைத்தோம். நேரமும் அப்படித்தான்: ஈஆர்ஏ5 உலகப் பொது நேரமான யுடிசியில் மணிக்கொரு முறை வருகிறது, நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். அந்த அரை மணியை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து, சூரியன் இறங்கித் தேவை ஏறும் மாலையில் பேட்டரியின் அளவு மாறுகிறது. அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

கடைசியாக, ஆய்வுக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஸெனோடோ தளத்தில் ஏற்றி, ஒவ்வொரு பதிப்புக்கும் டிஓஐ (DOI) என்ற நிரந்தர அடையாள எண் வாங்கினோம், எந்தப் பதிப்பில் எந்த முடிவு வந்தது என்று குழப்பம் வராது. வெளியிட்ட பிறகு ஒரு மாணவி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் எங்கள் திருத்தம் அதிகம் என்று தன் கணக்கோடு எழுதினார். அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது, சரிபார்த்து அடுத்த பதிப்பில் சேர்க்கப்போகிறோம். மணிவாரி மின்தேவை மட்டும் இன்னும் குறையாகவே இருக்கிறது. இந்திய அரசு 2017-லேயே கொண்டுவந்த திறந்த தரவு உரிமத்தின் கீழ் அதை வெளியிடச் சொல்லி மறுபடியும் கடிதம் எழுதுகிறோம். இந்தத் துறையில் இருப்பவர்கள் நீங்களும் எழுதுங்கள்.