ஐசியூ கட்டில் கிடைக்காத மூன்று நாள்

அப்பா மலேசியாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 35 வருடம் பால் வெட்டியவர். வயது 70. போன மழைக்காலத்தில் ஒரு வாரமாக இருமல். "ஒண்ணுமில்ல, தேத்தண்ணி போடு" என்றவரால் அதையே ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. உடனே தம்பியின் காரில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பதிவெல்லாம் அப்புறம்தான். முதலில் தாதி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப்பை அப்பாவின் விரலில் மாட்டினார். 86. நேராகச் சிவப்பு மண்டலம், அதாவது உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் அவசரப் பகுதி. எக்ஸ்ரேயில் நிமோனியா. ஈப்போவில் ஐசியூ கட்டில் காலி இல்லை, இங்கே வார்டிலேயே பார்க்கிறோம் என்றார் டாக்டர். கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

செய்ததெல்லாம் சின்ன வேலைகள். தலைமாட்டை உயர்த்தி உட்காரவைத்தார்கள், முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்தார்கள், நரம்பில் ஆண்டிபயாட்டிக் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் 93.

இரண்டாம் நாள் இரவு 2 மணிக்கு மேல் அப்பா போர்வையை இழுத்துக்கொண்டே, "மணி அடிச்சாச்சா? பெரட்டுக்கு நேரமாச்சு" என்றார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். சரி, எதற்கும் பார்ப்போம் என்று எழுந்தால், சிலிண்டர் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. இரவு 10 மணிக்கு மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் போனபோது மாட்டிய சிலிண்டர் அது. திரும்பி வந்ததும் சுவர்க் குழாய்க்கு மாற்ற மறந்திருக்கிறார்கள். கால்மாட்டு அட்டவணையிலும் 10 மணிக்குப் பிறகு ஒரு எழுத்து இல்லை. கிளிப்பில் 79. ஓடிவந்து குழாயை மாற்றிய தாதியின் கை நடுங்கியது. வார்டு முழுக்க இரண்டே தாதிகள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

காலையில் டாக்டரிடம், எதைப் பார்த்தால் கூப்பிட வேண்டும் என்று நேரடியாகக் கேட்டேன். ஆக்சிஜன் 90க்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேலே, பேச்சில் குழப்பம் என்றார். அன்றிலிருந்து மணிக்கொரு முறை பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அப்பா அதை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்ப்பேன். காய்த்த விரல் குளிர்ந்திருந்தால் கிளிப் எண் காட்டாது, தேய்த்துச் சூடாக்க வேண்டும். நம்மைப்போல் கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டாம்.

பிறகு, 2025இல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். 22 ஆப்பிரிக்க நாடுகளில் 180 மருத்துவமனைகளில் பார்த்திருக்கிறார்கள். உயிருக்குப் போராடும் நோயாளிகளில் 69 சதவீதம் பேர் பொது வார்டில்தான் கிடந்திருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆக்சிஜன், சலைன், மூச்சுப்பாதையைத் திறந்துவைப்பது போன்ற அடிப்படைக் கவனிப்பில் தேவையானது கிடைக்கவில்லை. எங்கள் வார்டில் சுவரிலேயே குழாய் இருந்தது. மாட்டத்தான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் ஈப்போவில் கட்டில் காலியானது என்று போன் வந்தது. அதற்குள் அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் நோட்டைப் புரட்டிப் பார்த்து 86, 79 இரண்டையும் சேர்த்து 8679 என்று லாட்டரி நம்பர் எடுத்தார். விழவில்லை.