காய்ந்த தடிக்குள் எவ்வளவு தண்ணீர்?

ஓகஸ்ட் 6, ஒட்டுசுட்டான்

காடு எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்று அறியக் காய்ந்த தடிகளின் ஈரத்தை அளக்கிறோம். அதற்குத் தடி பொறுக்கப் பின்னேரம் இரண்டு மணிக்குக் காட்டோரம் போனோம். காலையில் போனால் தடியில் இரவு ஈரம் இருக்கும், அதனால்தான் இந்த வேகாத வெயில், போதாததற்குச் சோளகக் காற்று வேறு கண்ணுக்குள் மண்ணைக் கொட்டுகிறது. மிதிவெடி அகற்றி முடிந்த இடம்தான், ஆனாலும் பழைய மண்டையோட்டுப் பலகை நின்ற பக்கம் எனக்குக் கால் போகவில்லை.

பொறுக்குவது பட்ட பாலை, வீரைத் தடிகள். உளுத்தது கூடாது, மண்ணில் பாதி புதைந்ததும் கூடாது. கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குல மொத்தம் வரை ‘10 மணித்தியாலத் தடி’. காற்றின் ஈரம் மாறினால் அதற்கேற்ப மூன்றில் இரண்டு பங்கு மாற அதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். சருகும் சுள்ளியும் ஒரு மணித்தியாலம், 3 அங்குலத்துக்கு மேற்பட்ட கட்டை 1000.

மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் நின்று பார்த்தார். “என்ன தம்பி, விறகைப் பேணிக்குள்ள போட்டு பிளாஸ்டர் ஒட்டுறியள்?”

உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகக்கூடாது என்றேன். அவர் ஒரு தடியை எடுத்து முறித்தார். டக். “காஞ்சு போச்சு. இதுக்கேன் பேணி?”

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் 8 வீத ஈரத்திலும் டக், 12 வீதத்திலும் டக்தான், நெருப்புக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

ஓகஸ்ட் 8

105 பாகை, 24 மணித்தியாலம் என்று அவணில் வைத்தால் நடுவில் கரண்ட் போய்விட்டது. மறுபடி வைத்து, நிறை இனி இறங்காது என்று தெரியும் வரைக்கும் நிறுத்துக்கொண்டே இருந்தோம். 3ஆம் பேணியின் தடி மட்டும்: முதலில் 77.2 கிராம், கடைசியில் 69.4. போன 7.8 கிராமைக் காய்ந்த நிறையால் பிரித்தால் 11.2 வீதம். (ஈர நிறையால் பிரித்துவிட்டு நான் வாங்கிய ஏச்சு தனிக்கதை. காய்ந்த நிறையால் பிரிப்பதால்தான் பச்சை இலைக்கு 100 வீதத்துக்கு மேலும் வரும்.) 7ஆம் பேணிக்குப் பிளாஸ்டர் ஒழுங்காக ஒட்டவில்லை, அது கழிவு. ஒட்டினது நான்தான்.

ஓகஸ்ட் 11

நேற்று இருபது நிமிட மழை. ஊர் முழுக்கச் சந்தோசம், இனிக் காடு பற்றாதாம். இன்று மத்தியானம் சருகைக் கையில் கசக்கினேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெரிய கட்டைக்கோ அந்த மழை வந்ததே தெரியாது, தோலுக்குக் கீழே மாசக்கணக்கான வறட்சி அப்படியே கிடக்கிறது. அதில் நெருப்புப் பிடித்தால் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

ஐயா மறுபடி வந்தார், அவணில் காய்ந்த தடிகளைக் கேட்டார். கொடுத்தேன். மண்ணெண்ணெய் விடாமலே தேத்தண்ணி கொதித்ததாம், அடுத்த முறை கொஞ்சம் கூடக் காய வைக்கட்டாம்.