நத்தார் நேரம் லண்டனில் ஒரு மரக்கறிக்காரி

யாழ்ப்பாணத்தில் திருவிழா என்றால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. நல்லூர்க் கந்தசாமி கோவிலில் கொடியேறினால் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுகிற வீடுகளே சட்டிபானை கழுவிக் கவிழ்த்துவிடும். பிறந்ததிலிருந்து சைவமாக வளர்ந்த நான் 2023 டிசம்பரில் லண்டனில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போனேன், அதுவும் ஊரில் சங்கும் சேமக்கலமும் கேட்கிற திருவெம்பாவை நாட்களில்.

விமானத்திலேயே பிழை வந்துவிட்டது. டிக்கெட் போட்டுத் தந்தவர், சைவ ஆட்கள்தானே என்று 'இந்து உணவு' எனப் பதிந்திருக்கிறார். மூடியைத் திறந்தால் கோழிக்கறி! விமானக்காரரின் கணக்கில் இந்து உணவு என்றால் மாடும் பன்றியும் இருக்காது, ஆனால் கோழி, ஆடு, மீன், முட்டை எல்லாம் வரலாம். எங்களுக்கு வேண்டியது 'ஏவிஎம்எல்' என்கிற ஆசிய மரக்கறி உணவு, பாலும் வேண்டாம் என்கிற வீகன் ஆட்களுக்கு 'விஜிஎம்எல்'. இந்த எழுத்துகளைச் சொல்லியே பதியச் சொல்லுங்கள், பிறகு நீங்களே ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா கைப்பையில் வைத்துவிட்ட பயத்தம் பணியாரத்தோடு எனக்கு அந்த இரவு போனது.

லண்டனில் சாதாரண நாளில் மரக்கறிக்குப் பஞ்சமே இல்லை, ஈஸ்ட்ஹாம் பக்கம் போனால் இடியப்பமும் சொதியும் கிடைக்கும். ஆனால் நத்தார் (கிறிஸ்மஸ்) நாளான டிசம்பர் 25 அன்று சுரங்க ரயிலும் ஓடாது, பஸ்சும் ஓடாது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்றைக்குத் திறக்கவே கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஹோட்டலில் தங்குகிறவர்கள் 24ஆம் திகதி மத்தியானத்துக்குள் பாண், பழம், பருப்பு ஏதாவது வாங்கி வைத்துவிட வேண்டும்.

மற்றது, கண்ணுக்குத் தெரியாத மச்சம். நத்தார் புடிங்கில் பழமும் மாவும்தான் என்று நினைப்போம், பழைய முறைப்படி செய்தால் அதில் மாட்டுக் கொழுப்பு சேரும். பொரித்த மாதிரி மொறுமொறு என்று வரும் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வாட்டியிருக்கலாம். மெத்தென்ற இனிப்புகளில் ஜெலட்டின், பார்மேசன் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறை. அதனால் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த எண்ணெய், எந்தக் கொழுப்பு என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமே வேண்டாம். கொழும்பில் சம்பலுக்கு மாசிக் கருவாடு போட்டீர்களா என்று கேட்பதில்லையா, அதே மாதிரித்தான்.

25ஆம் திகதி மத்தியானம் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சங்கடமாக இருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன். ஒரு கிழமைக்கு முன்னமே அண்ணியிடம் நான் எதெது சாப்பிடமாட்டேன் என்று கேட்டு எழுதி வைத்திருந்தாராம், அந்தத் துண்டு குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியபடி இருந்தது. வான்கோழி ஒரு தட்டில். எனக்கு உருளைக்கிழங்கும் கரட்டும் தனித் தட்டில், சூரியகாந்தி எண்ணெயில். நான் கேட்க முதலே எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டினார், கரண்டியும் வேறாக வைத்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் கொண்டுபோனது ஊர்த் தூள் போட்ட கத்தரிக்காய்க் குழம்பு. அவர் முதலில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், பிறகு தன் உருளைக்கிழங்கின் மேல் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார்.